வேட்டி வழியே வந்த வெயில்

நேற்று படமெடுக்க வந்த பார்சலைப் பிரித்தேன். உள்ளே வீட்டில் செய்த ரோஜா சோப்பு, ஓரம் கொஞ்சம் கோணல். இப்படிச் சோப்பு, கண்மை, சீயக்காய்ப் பொட்டலம் என்று படம் பிடித்துத்தான் இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறேன். வாசனை மூக்கில் ஏறியதும் கமலா அக்கா ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி. தலைநகரின் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் மாடி, மதுரைக்காரரான கமலா அக்கா கீழ்வீடு. அவர் வாசலைத் தாண்டினாலே பயத்தமாவும் ரோஜாவும் மணக்கும். ஆனால் அவர் சோப்பை எந்தக் கடையும் வாங்கவில்லை. ஒரே ஒரு பரிசுப்பொருள் கடைக்காரர் மட்டும், சனிக்கிழமைக்குள் படம் கொண்டுவந்தால் தீபாவளிப் பட்டியலில் சேர்ப்பதைப் பற்றிப் பார்க்கலாம் என்றிருந்தார். அதற்கு அக்கா தேடிப்பிடித்த மகா நிபுணர் நான்தான். கேமரா இரவல், ஃபிலிம் ரோல் அக்காவுடையது, வாய் மட்டும் சொந்தம். அப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது. "பேங்க் பரீட்சை எழுதுடின்னா, சோப்பைக் கட்டிண்டு அழறா" என்பார்.

வெயில் நேராக விழுந்தால் சோப்பு கண்டபடி பளபளக்கும். நடுவில் வெள்ளைத் துணி இருந்தால் வெளிச்சம் மெத்தென்று இறங்கும் என்று எங்கோ படித்திருந்தேன். பால்கனிக் கொடியில் அப்பாவின் எட்டு முழ வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஸ்டூல் போட்டு, வெளிச்சத்தைத் திருப்பிவிடப் பக்கத்தில் ஒரு தெர்மகோல் அட்டையை நிறுத்தி, முப்பத்தாறு படத்தையும் எடுத்துத் தள்ளினேன்.

வியாழக்கிழமை பிரிண்டைக் கொடுத்த லேப்காரர், "சாபுன் பீமார் ஹை க்யா?" என்றார். சோப்புக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார் மனிதர்! ரோஜா சோப்பெல்லாம் ஊதா, மஞ்சள் சோப்பெல்லாம் பச்சை. வேட்டிக்கு நீலம் போடுவதில் அம்மாவுக்குத் தாராளக் கை. அவ்வளவும் வெளிச்சத்தோடு இறங்கியிருந்தது. அக்கா முன்னால் போய் நின்று அழுதேன்.

"அழுகாத தாயி. சோப்பும் இருக்கு, வெயிலும் இருக்கு. நாளைக்குக் காலைல திரும்ப எடுப்போம்."

புது ரோலையும் அவரே வாங்கி வந்தார். அன்று ஒரு வார்த்தை கடிந்திருந்தால் நான் பேங்கில்தான் இருந்திருப்பேன்.

ஆனால் எங்கள் வீட்டில் நீலம் படாத வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? மறுநாள் காலை அப்பா பீரோவைத் திறந்து, தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த புது வேட்டியை உதறினார். அம்மா பதறிவிட்டாள். "ஐயோ, இன்னும் மஞ்சள்கூடத் தடவலையே!"

"கட்டிக்கவா போறேன்? வெளிச்சத்துக்குத்தானே."

கொடியில் போட்டால் காற்றில் ஆடியது; வேட்டி ஆடினால் வெளிச்சமும் ஆடும். அப்பாவே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே ஆபீஸ் பஸ் ஹாரன் அடித்தது. கையை எடுக்க முடியாமல் தலையை ஆட்டியே அதை அனுப்பிவைத்தார். ஒருநாள்கூடத் தாமதமாக ஆபீஸ் போகாத மனிதர்!

அக்காவின் சோப்பு பட்டியலில் ஏறியது. அடுத்த மாதமே அந்தக் கடையில் எனக்கும் படமெடுக்கும் வேலை வந்தது.

ஃபிலிம் ரோல் போயிற்று, லேப் போயிற்று, குவார்ட்டர்ஸை இடித்தாயிற்று. அப்பாவும் போய்விட்டார். என் தொழிலை அவர் வாய்விட்டு ஒருநாளும் மெச்சியதில்லை. அன்று, வேட்டியை விரித்துப் பிடித்தபடி, ஒன்றே ஒன்று கேட்டார்: "இன்னும் கொஞ்சம் ஒசத்திப் பிடிக்கட்டுமாடி?"