முக்காலி மிஸ்

அந்த மழலையர் பள்ளியில் அவருக்கு முக்காலி மிஸ் என்றுதான் பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஜன்னலோரம் கிடக்கும் மஞ்சள் முக்காலியில் இருபத்தாறு வருஷமாக அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. கடித்த பிள்ளை, பொம்மையைப் பிடுங்கிய பிள்ளை, யாராக இருந்தாலும் கோபம் தீருமட்டும் அவர் மடியில் சாய்ந்துகொள்ளலாம். புது டீச்சர்கள் இதென்ன கொஞ்சல் என்று முகம் சுளிப்பார்கள். மிஸ் காதில் போட்டுக்கொள்வதில்லை.

காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் படு கறார். பக்கத்திலிருந்தவனைக் கடித்த நாலு வயசுக்காரி ஒருத்தியை அந்த முக்காலியில் உட்காரவைத்து, "நான் சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களை ஊஞ்சலாட அழைத்துப் போனார். போனவர் அடியோடு மறந்துபோனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தால், நனைந்த பாவாடையோடு பிள்ளை அதே இடத்தில். "இப்ப இறங்கலாமா மிஸ்?" என்றது. அவருக்கு உயிரே போய்விட்டது.

மறுநாள் வகுப்பே பார்க்க அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "தப்பு பண்ணது நான். இன்னைக்கு நீ சொன்னாத்தான் இறங்குவேன்."

அவள் வாயே திறக்கவில்லை. கடைசி மணி அடித்ததும் மிஸ் தானாகவே இறங்க வேண்டியதாயிற்று. அந்த வாரமே அவள் அப்பாவுக்கு வேலை மாற்றல். அவள் மன்னிக்காமலே போனது மிஸ்ஸின் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது.

இந்த வருஷம் பள்ளி திறந்த அன்று, புதுப் பையனின் விண்ணப்பத்தில் அம்மா பெயரைப் பார்த்ததும் மிஸ் நிமிர்ந்து, எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்தார். அவளேதான். என்னை நம்பி இவள் பிள்ளையை விடுவாளா?

பையன் போக மாட்டேன் என்று கூப்பாடு போட்டு, அம்மாவின் கையை நறுக்கென்று கடித்தான். பல்லும் பரம்பரைச் சொத்து போலிருக்கிறது. மிஸ் வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். அவன் விசும்பிக்கொண்டே வந்து மடியில் ஏறி, கொஞ்ச நேரத்தில் அடங்கினான்.

அம்மாவின் கண் முக்காலியிலேயே நின்றது. "அன்னைக்கு வேணும்னேதான் மிஸ் சொல்லாம இருந்தேன். அவ்வளவு கோவம்."

"வராம என்னம்மா செய்யும்?" என்றார் மிஸ்.

வாசல்வரை போனவள் திரும்பினாள். "இப்பவாவது இறங்குங்க மிஸ்."

மிஸ்ஸால் எழுந்திருக்க முடியவில்லை. மடியில் அவள் மகன் தூங்கிப்போயிருந்தான்.