இம்தியாஸ் பாயும் அந்தக் காலி ரேக்கும்

இம்தியாஸ் பாய் போய்விட்டார்.

காலையில் குமார் போனில் சொன்னபோது நம்பவே இல்லை. ஹார்ட் அட்டாக்... ஆம்பூர் வீட்டிலேயே. அடக்கம் முடிந்து இப்போதுதான் சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏஐ மாடல்களுக்குப் பயிற்சி கொடுக்கிற சூப்பர் கம்ப்யூட்டர் ஒன்று கட்டினோமே, அதில் கேபிளிங் டீமுக்கு பாய்தான் லீட். நானும் நெமிலி குமாரும் அவர் டீம்.

ஹால் முழுக்க ரேக், ஆளுயர இரும்பு அலமாரி மாதிரி. ரேக் முழுக்க ஜிபியு சிப். எல்லாவற்றையும் ஃபைபர் கேபிளால் கோத்து ஒரே மெஷினாக ஓட வைக்க வேண்டும். ஏதோ ஒரு முனையில் தூசி இருந்தாலும் போதும், மொத்த ட்ரெயினிங்கும் நின்றுவிடும்.

யாராவது துடைக்காமல் சொருகினால் பாய்க்குப் பொறுக்காது. "இன்னா தோஸ்த், கை கழுவாமதான் சாப்டுவியா?" என்பார். அதுதான் அவருடைய அதிகபட்சத் திட்டு. அடுத்த நிமிஷம் அவரே துடைத்துக் காட்டுவார். அப்படி ஒரு வேலைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரு ஆயுதபூஜை... பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். குமார் ஆசை ஆசையாக ஒவ்வொரு ரேக்குக்கும் விபூதி பூசி, குங்குமம் வைத்துவிட்டான். ஊரில் லேத்துக்கு, பஸ்ஸுக்கு, தோல் கம்பெனி டிரம்முக்கெல்லாம் வைப்பதில்லையா, அதே பக்திதான். ஆனால் ஃபேன் இழுத்த இழுப்பில் பவுடர் முழுக்க உள்ளே போய்விட்டது. சொருகுவதற்காக மூடி கழற்றி வைத்திருந்த முனைகளில் எல்லாம் குங்குமம்!

டெஸ்ட் ரன் ஓடுகிறது, நிற்கிறது. மறுபடி ஓடுகிறது, நிற்கிறது. கிளையன்ட் கால் போட்டுவிட்டார்கள். யார் செய்தது, பேர் வேண்டும் என்று ஒரே பிடி.

குமாரின் மனைவிக்கு அப்போது நிறைமாதம். வேலை போய்விட்டது என்றே நினைத்துவிட்டான்.

தொழுகை முடிந்து வந்திருந்த பாய், காலில் மைக்கை ஆன் செய்தார். "சைட் என் பொறுப்பு சார். பேர் வேணும்னா என் பேரை எழுதிக்குங்க. ஒவ்வொரு முனையா க்ளீன் பண்ணித் தந்துடறோம்."

சொன்னபடியே முடித்தும் கொடுத்தார். அதற்கப்புறம் மெஷின் நிற்காமல் ஓடியது.

ஆனால் அடுத்த பெரிய சைட்டுக்கு அவர் லீடாகப் போயிருக்க வேண்டியவர்... வேறொருவர் போனார். ஏன் என்று எங்களுக்குத் தெரியும். பாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுவருஷம் பூஜையே கூடாது என்பார் என்று நினைத்தோம். அவரே ஒரு காலி ரேக்கை, வெளியே லாரியில் சாமான் இறக்குகிற லோடிங் பேவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார், கையில் சாமந்தி மாலையோடு!

"இதுக்கு வெச்சிக்கோ குமாரு. எவ்ளோ ஜாஸ்தி வேணும்னாலும் வெச்சிக்கோ. உள்ள இருக்கற ரேக்கெல்லாம் இதுக்கு சொந்தக்காரங்கதான்... போய்ச் சேந்துடும்."

சிரித்துச் சிரித்துக் கற்பூரம் ஏற்றவே நேரமாகிவிட்டது. எல்லோருக்கும் பொரி கடலை பொட்டலம் கட்டியதும் அவர்தான்.

இன்று கபரஸ்தானில் எல்லோரும் மண் போட்டார்கள். குமார் மட்டும் போகாமல் ஓரமாக நின்றான். பாயின் மகன் வந்து கூப்பிட்டதும் உடைந்துவிட்டான்.

"அந்தப் பெரிய சைட் அவர் கைய விட்டுப் போனதே என்னாலதாங்க..."

"அப்படியா? வீட்ல அத்தா எதுவுமே சொல்லலியே" என்றார் மகன்.

 பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, குமார் கையில் வைத்தார்.

ஸலாம் பாய்... நிம்மதியாக இருங்கள்.