ஈனாஸ் பிட்மன் வெட்டிய ஓக் மரம்

ஈனாஸ் பிட்மன் வாயைத் திறந்தால் ஒரு கரடியாவது சாகும். கெண்டக்கியில் எங்கள் ஓடைப் பக்கம் அவனைப் போலக் கதை அளந்தவன் கிடையாது. ஒரு கதையை மட்டும் யாரும் கேலி செய்ததில்லை. ஆயிரத்து எழுநூற்று எழுபத்தேழில் ஷானிப் பழங்குடியினர் எங்கள் கோட்டையை வசந்தம் முதல் பனி விழும்வரை வளைத்திருந்தபோது, அவன் உள்ளே நின்று சுட்டானாம். ஷானிகளைக் கேட்டால் யார் யார் நிலத்தை வளைத்தது என்று வேறு கதை சொல்வார்கள். உள்ளே இருந்தவர்களில் பிழைத்த இருவரும் மிசௌரிக்குப் போய்விட்டதால், இவனை மறுக்க ஆளில்லை.

ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தொன்பதில், தன் அறுபத்தொன்பதாம் வயதில், காணாமல் போன பன்றியைத் தேடி மழையில் அலைந்து, காய்ச்சலில் செத்தான். அத்தனை கரடிகளுக்குத் தப்பியவன்! ஊர் கூடி, ‘கோட்டையைக் காத்த வீரன்’ என்று கல் வைப்பதாக முடிவு செய்தது.

கல் வருமுன் லெக்சிங்டன் பணக்காரர் ஒருவர் பத்திரத்தோடு வந்தார். பிட்மனின் ஊற்றும் சோளக்காடும் தன்னுடையவை என்றார். சட்டப்படி, எழுபத்தெட்டுக்கு முன்னால் மரத்தில் அடையாளம் வெட்டியிருந்தால்தான் நிலம் விதவை கெசையாவுக்கு. பிட்மன் எங்கே பதிவு செய்தான்? அன்றைய ஆட்கள் எல்லோரையும் போல, ஊற்றோர ஓக் மரத்தைக் கோடாலியால் செதுக்கி, தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளை வெட்டியதோடு சரி. மரம் அதை மூடி வளர்ந்துவிட்டது.

மரத்தை வெட்டி, தழும்புக்கு மேல் வருஷத்துக்கு ஒன்றாக வளர்ந்த வளையங்களை எண்ணச் சொன்னது நீதிமன்றம். நில அளவையாளரின் கோடாலிக்காரன் நான்.

“அக்கா, எழுபத்தாறுல வெட்டுனேம்பான். நாப்பத்திமூணு வளையம் இருக்கணும்,” என்றேன்.

“வெட்டு,” என்றாள் கெசையா.

கட்டையைப் பெயர்த்துத் தழும்பு வழியே பிளந்தேன். ஒரு பாதியில் எழுத்து, மறுபாதியில் மாவில் பதிந்தது போல அதன் அச்சு. எண்ணினேன். நாற்பத்திரண்டு. நிலம் தப்பியது. ஆனால் வெட்டிய வருஷம் எழுபத்தேழு என்றாகிவிட்டது.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். “எழுபத்தேழா? கோட்டைக்குள்ள சண்டை போட்டவரு இங்க எப்படிய்யா மரம் வெட்டுனாரு?”

“ஒரு வளையம் சரியாத் தெரியல. நாப்பத்திமூணுதான்,” என்று கூசாமல் புளுகினேன்.

கெசையா என் கையைப் பிடித்தாள். “நாப்பத்திரெண்டுன்னே எழுதச் சொல்லு. மொத வாரமே செவரேறி ஓடிட்டான். கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டான். கோட்டைப் பேச்சு வந்தா அன்னைக்குச் சோறு எறங்காது அவனுக்கு. ஓடலேன்னா எனக்கு ஏதுடா நாப்பது வருஷப் புருஷன்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

நிலம் அவளுக்கே என்று தீர்ப்பானது. கல் வரவில்லை. மாவு மில்லில் இன்றும் அடிதடிதான். ஓடுகாலி என்று பாதிப் பேர், மரம் பொய் சொல்கிறது என்று மீதிப் பேர்.

எழுத்து இருந்த பாதியை நீதிமன்றம் வைத்துக்கொண்டது. அச்சு விழுந்த பாதியைக் கல்லறைத் தலைமாட்டில் நடச் சொன்னாள் கெசையா.

“எழுத்து இடம் வலமா திரும்பியிருக்கே அக்கா?”

“அவனுக்குத் தெரிஞ்சதே அந்த ரெண்டு எழுத்துதான். எப்படி இருந்தாலும் தன்னோடதுன்னு கண்டுபிடிச்சிருவான், நடு.”