ஷெட்டுக்கு வந்தால் கொதிக்காத வேன்

இஞ்சின் கொதிக்குதுன்னு வண்டி வந்தா, முதல்ல ஆத்த வேண்டியது இஞ்சினை இல்லை, அதை ஓட்டிக்கிட்டு வந்தவரைத்தான். செல்லூர்ல ஷெட் போட்ட நாள்ல இருந்து நான் பாக்குற தொழில் இதுதான். பழைய வண்டி வச்சிருக்கிற மகராசன்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நடுரோட்டுல பானட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு, கையில தண்ணி பாட்டிலோட நின்னவங்கதானே நாம எல்லாரும். போறவன் வாரவன் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிட்டுப் போயிருவான். நிக்கிறவன் நின்னுக்கிட்டேதான் இருக்கணும்.

முள்ளுக்குப் பயந்தவர்

கோச்சடையில இருந்து ஒரு கார்க்காரர் வந்தாரு. வேலையில இருந்து ஓய்வு பெத்தவர். கார் கொதிக்குது, ஆனா சூடு காட்டுற முள் அசையவே இல்லை. டேஷ்போர்டைப் பிரிச்சுப் பாத்தா, முள்ளுக்குப் போற வயரைக் கத்தரியால வெட்டி, நறுவிசா டேப் சுத்தி வச்சிருக்கு. எந்தப் புண்ணியவான் பண்ணுனதுன்னு கேட்டேன். அவரேதானாம். முள் லேசா ஏறினாலே, பக்கத்துல உக்காந்திருக்கிற வீட்டம்மா நிறுத்து நிறுத்துன்னு சத்தம் போடுறாங்களாம்.

வயரை ஒட்டலைன்னா இஞ்சின் போயிரும் சார்னு சொன்னேன். ஷெட் வாசலை எட்டிப் பாத்துட்டுச் சொன்னாரு: "ஒட்டிருங்க தம்பி. ஆனா முள்ளு என் கண்ணுக்கு மட்டும் தெரியிற மாதிரி ஏதாச்சும் வழி இருக்கா?"

சித்திரை வெயில்

சிரிச்சாச்சா? இப்ப பெரியகருப்பன் அண்ணன் கதைக்கு வாரேன். இதுல சிரிக்க ஒண்ணும் இல்லை.

அண்ணன் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் விவசாயம் பாக்குறவரு. அவரு மகன் கார்த்தி ஒரு பழைய டீசல் வேனை வாங்கி, சுத்துப்பட்டுத் தோட்டத்துக் காயெல்லாம் மார்க்கெட்டுக்கு ஏத்திக்கிட்டு இருந்தான். சின்ன வேலைன்னாலும் நம்ம ஷெட்டுக்குத்தான் வருவான். போன வருஷம் சித்திரையில மஞ்சக்காமாலை வந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சும் போய்ச் சேந்துட்டான். கல்யாணம்கூட ஆகலை. அதுக்கப்புறம் அப்பாவே வேனை எடுத்தாரு. டிராக்டர் ஓட்டிப் பழகின மனுசன், நிதானமாத்தான் ஓட்டுவாரு.

ஒரு வருஷம் ஒழுங்கா ஓடின வேன், இந்தச் சித்திரைக் கடைசியில இருந்து ரோட்டுல கொதிக்க ஆரம்பிச்சது. சரக்கு ஏத்திக்கிட்டுப் போனா பாதி வழியிலயே ஆவி கிளம்புதுன்னு வந்து நின்னாரு. வெயில்தான் காரணம்னு நினைச்சேன். ஊதிப்போன தண்ணிக் குழாயெல்லாம் மாத்தி, ஃபேன் பெல்ட்டை இறுக்கி, நாகமலை வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். முள் பாதியைத் தாண்டலை. சாவியைக் குடுத்தப்ப அண்ணன் உடனே கிளம்பலை. ஸ்டியரிங்கைத் தடவிக்கிட்டே மெதுவாச் சொன்னாரு: "எப்படியாவது இதை ஓட வச்சிரு தம்பி. வேன் சத்தம் கேட்டாத்தான் கார்த்தியோட அம்மா எந்திரிச்சு உலை வைக்கிறா."

பாய் சொன்னது

அந்த வாரமே திரும்பவும் கொதிச்சுப்போச்சு. இந்தத் தடவை ரேடியேட்டரையே கழட்டி, எங்க தெருவுல ரேடியேட்டர் வேலை பாக்குற ஜலால் பாய்கிட்ட கொண்டு போனேன். உப்புத் தண்ணி ஊத்தி ஊத்தி உள்ள சுண்ணாம்பா அடைச்சிருக்கும்னு எனக்கு நினைப்பு. நம்ம ஊரு போர்த்தண்ணி அப்படி.

பாய் பிரிச்சுப் பாத்துட்டு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. உள்ள ஒரு பொட்டு அடைப்பு இல்லை, வெளியே பூச்சி தூசிகூட இல்லை. அப்படியே திருப்பிக் குடுத்துட்டுச் சொன்னாரு: "மாப்ள, இம்புட்டுப் பழைய வேனுக்கு ரேடியேட்டர் இம்புட்டுச் சுத்தமா இருக்கக்கூடாது. அந்த மனுசன் இதைத் தினமும் குளிப்பாட்டுறாரா?"

மச்சினனும் கூட வந்தார்

மூணாவது தடவை அண்ணன் தனியா வரலை. அவரு சம்சாரத்தோட தம்பியும் கூட வந்தாரு. காயலான் கடையில பேசி முடிச்சிட்டாராம். மெக்கானிக் ஒரு வார்த்தை சொல்லட்டும், வேனைத் தள்ளிவிட்டுருவோம்னு நின்னாரு. அண்ணன் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. என்னால பொய் சொல்ல முடியலை. எனக்குத் தெரிஞ்ச வேலையெல்லாம் பாத்தாச்சு, ஷெட்டுல வச்சு ஓட்டினா கொதிக்க மாட்டேங்குது, இன்னொரு தடவை ரோட்டுல கொதிச்சா இஞ்சின் மேல இருக்கிற ஹெட் வளைஞ்சிரும், அப்புறம் இஞ்சினே இல்லைன்னு சொல்லிட்டேன்.

இன்னும் ஒரே ஒரு நடை போய்ப் பாத்துட்டு முடிவு பண்றேன்னு அண்ணன் கெஞ்சினாரு. மச்சினன் மேல எனக்குக் கோவம் கோவமா வந்தது. ஆனா அவரு கேட்டதும் நியாயம்தான்: "எங்கக்கா எந்திரிக்கலைன்னா நான் எழுப்பி உக்கார வச்சுக்கிறேன்ணே. இந்த மாமாவும் நடுரோட்டுல வெயில்ல விழுந்துட்டா யாரு எழுப்புறது?"

ரோட்டுல பாத்தது

மறுநாள் கோச்சடையில வேற ஒரு வண்டியைப் பாக்கப் போனேன். ரோட்டோரமா அந்த வேன் நிக்குது. பின்னாடி கத்திரிக்கா மூட்டை, முன்னாடி லேசா ஆவி. வேன் முகப்பு முழுக்க ஒரு ஃப்ளெக்ஸ், கயிறு போட்டு நாலு மூலையிலயும் இறுக்கிக் கட்டியிருக்கு. அதுல கார்த்தி சிரிச்சுக்கிட்டு இருக்கான். மேல முதலாம் ஆண்டு நினைவஞ்சலின்னு போட்டிருக்கு. அண்ணன் தன் துண்டால மகன் முகத்துல படிஞ்ச ஆவியைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு.

ரேடியேட்டர்ல ஒரு பூச்சிகூட ஏன் ஒட்டலைன்னு அப்பத்தான் புரிஞ்சது. எப்ப கட்டுனதுண்ணே இதுன்னு கேட்டேன். சித்திரையில வருஷ நினைவு முடிஞ்சதும் பஸ் ஸ்டாப்புல கட்டியிருந்ததை அவிழ்த்தாங்களாம். ஆட்டுக் கொட்டகைக்கு மேல போட ஆளாளுக்குக் கேட்டிருக்காங்க. மனசு கேக்காம இவரு வேன்ல கட்டிக்கிட்டாரு. ஷெட்டுக்கு வாரப்ப மட்டும் அவிழ்த்து வீட்டுல வச்சிட்டு வருவாராம், கிரீஸ் கை படக்கூடாதுன்னு.

படத்தை எடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ரேடியேட்டருக்கு எதிர்க்காத்து வேணும்ணே, காத்துப் போக வழியில்லைன்னு மட்டும் சொன்னேன். அண்ணன் படத்தைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. முடிச்சை ஒவ்வொண்ணா அவரே அவிழ்த்தாரு. உதவப் போனவன் என் கிரீஸ் கையைப் பாத்துட்டு நின்னுட்டேன். இஞ்சின் ஆறினதும் தண்ணி ஊத்தி, மூட்டையோட ஒரு சுத்து ஓட்டினோம். முள் பாதியிலயே நின்னுச்சு. அண்ணன் கண்ணு கலங்கிருச்சு, எனக்கும்தான்.

படத்தை வேனுக்குப் பின்பக்கம் கட்டித் தாரேன், காத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். அவரு தலையை ஆட்டிட்டு, ஃப்ளெக்ஸை மடிப்பு விழாமச் சுருட்டிப் பக்கத்து சீட்டுல சாத்தி வச்சாரு: "வேணாம் தம்பி. எம்புட்டு நாளைக்குத்தான் வெயில்ல நிப்பான்? எங்கூட உள்ள உக்காந்து வரட்டும்."

அதுக்கப்புறம் அந்த வேன் கொதிக்கலை, நான்தான் இப்ப யாரு வண்டி கொதிக்குதுன்னு வந்து நின்னாலும், ஸ்பேனரை எடுக்குறதுக்கு முன்னாடி எதைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்தீங்கன்னு கேட்டு அவங்ககிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு இருக்கேன்.