இந்த வீட்டில் ஐந்து பேர்

இந்த ஊர் எங்கே முடிகிறது என்பதைக் காலால் கோடு கிழித்துக் காட்டலாம். கடைசி வீட்டு வேலி, அதற்கடுத்த அடியில் கோதுமை வயல். தினமும் காலையில் போர்வெல் கம்பெனி வண்டியில் அந்த இடத்தைத் தாண்டும்போது எனக்கு இன்றைக்கும் விசித்திரமாக இருக்கிறது. வயலுக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் கிராமங்களையும் சேர்த்து இதை ‘மெட்ரோபாலிட்டன் ஏரியா’ என்கிறார்கள். கனடாவின் சின்ன மாநகரங்களில் ஒன்று. ஓர் ஆறு உண்டு, மலை கிடையாது. சேலம் சூரமங்கலத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் ஏற்காடு, இன்னொரு பக்கம் கஞ்சமலை. ஆனால் சேலம் எங்கே முடிகிறதென்று எவராலும் காட்ட முடியாது. இளம்பிள்ளை வரை பஸ்ஸில் போனாலும் வீடும் கடையும் தறிச் சத்தமும் கூடவே வரும்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம். வாடகைப் பத்திரத்தில் இரண்டு பேர்தான். வீட்டுக்காரருக்கு இது தெரியும். “யார் கேட்டாலும் இரண்டு என்று சொல்லுங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள்” என்று சொல்லி வைத்திருந்தார். மக்கள்தொகைக் கணக்குக் கடிதம் இரண்டு முறை வந்தது. இரண்டையும் குப்பையில் போடச் சொன்னார், போட்டோம். பதில் வராத வீடு என்று போன வாரம் ஓர் அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். கதவைத் திறந்தவன் முருகேசன், திருச்செங்கோட்டுக்காரன். “டூ பீப்பிள்” என்றான். அந்த அம்மாள் வாசற்படியைக் குனிந்து பார்த்தார். இங்கே எல்லோரும் பூட்ஸை வீட்டுக்குள்ளே விடுவார்கள். நாங்கள் ஊர்ப் பழக்கத்தில் வெளியே வரிசையாக விட்டிருந்தோம்.

“இரண்டு பேருக்கு ஐந்து ஜோடி பூட்ஸா?” என்று சிரித்தார். “விருந்தாளிகள் வந்திருக்கிறார்களோ?”

முருகேசன் தலையாட்டப் போனான்.

எனக்குச் சத்தீஸ்கர் நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, போர்வெல் துளை போடும் ரிக் வண்டி ஏறியவன் நான். அங்கே ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர், லாரிக்கடியில் படுத்திருந்த எங்களைப் பார்த்து, தமிழ்நாட்டு வண்டி என்று சொல்லிவிட்டு நடந்தார். அதே கணக்கெடுப்பில் சூரமங்கலத்துக்கு வந்த வாத்தியாரிடம் அக்கா, “தம்பி ஊட்டுல இல்லீங்க, வடக்க போயிருக்கான்” என்றிருக்கிறாள். அவரும் என்னை எழுதவில்லை. அந்த வருடம் நான் எந்த ஊரிலும் இல்லை. துளை போட்டதும் தண்ணீர் வந்ததும் மட்டும் நிஜம்.

“ஃபைவ்” என்றேன், அவன் பின்னாலிருந்து. “விருந்தாளி யாருமில்லை. எல்லோரும் இங்கேதான் தூங்குகிறோம்.”

ஐந்து பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். நாங்கள் சொன்னதை வீட்டுக்காரரிடம் சொல்ல மாட்டேன் என்றார் அந்த அம்மாள்.

அவர் போனதும் முருகேசன் என்னை முறைத்தான். “அந்தம்மா சொல்லாதுப்பா. நீ சொல்லிப்போடுவ.”

சரியாகத்தான் கணித்திருந்தான். சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்து, கணக்கில் எத்தனை பேர் சொன்னீர்கள் என்று கேட்டார், சொன்னேன். பின்னே, பொய்யாகவா இங்கே குடியிருக்கிறோம்? மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். முருகேசன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், “செரி வா, ஊடு பாக்கலாம்” என்று கிளம்பினான். ஐந்து பேர் என்று முதலிலேயே சொல்லித்தான் கேட்கிறோம். இதுவரை நான்கு வீட்டில் இல்லை என்றார்கள்.

அக்காவிடம் போனில் சொன்னேன்.

“இங்கயும் எழுத வருவாங்களாமா. இந்தவாட்டி உம்பேரையும் சொல்லிப்போடறேன் சாமி.”

“நான் இங்க குடுத்துட்டேன்க்கா. ஒரு ஆளு ஒரு எடத்துலதான் இருக்கோணும்.”

“அதெப்படி? உம்பொட்டி, துணிமணி எல்லாம் இங்கதான கெடக்குது?”

நான் தடுக்கவில்லை. அன்றைக்குச் சத்தீஸ்கரும் சேலமும் என்னை விட்டுவிட்டுத்தான் கூட்டின. இந்த ஒரு முறை இங்கேயும் அங்கேயும் ஓர் ஆள் கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும்.