வெட்டியவர் முதலில் ஏறவேண்டும்

கொழும்பு மருதானையில் ஓர் உதிரிப்பாகக் கடைக்காரர் நேற்று கேஸ்கட் தாளை விரித்தபோது எழுந்த எண்ணெய் வாடை, கொட்டாஞ்சேனையில் இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் அன்று இருந்த பெரியப்பாவின் தகரக் கொட்டகையினுடையது.

முகத்துவாரத்து மீனவர்களின் பழைய படகு எஞ்சின்கள் அங்கே வரும். அவற்றின் இணைப்புகள் கசியாமலிருக்க இடையில் வைக்கும் கேஸ்கட் கடைகளில் கிடைக்காததால் பெரியப்பாவே செய்வார். தாளை எஞ்சினின் முகத்தில் வைத்துச் சிறு சுத்தியலால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போக, உலோக விளிம்பே அதை வெட்டிவிடும். அந்த டொக் டொக் சத்தத்துக்கு நடுவில்தான் நான் பாடம் படித்தேன்.

மீனவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது: கேஸ்கட் வெட்டியவர் முதல் ஓட்டத்தில் படகில் ஏறவேண்டும். பெரியப்பாவுக்கு நீந்தத் தெரியாது.

ஒருநாள் அன்ரன் என்ற மீனவர், வெட்டி முடித்த கேஸ்கட்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, தண்ணி போற ஓட்டை ஒண்டக் காணேல்லையே. நடுக்கடல்ல எஞ்சின் சூடாகி நிண்டா நீந்தியா வருவீங்க?"

எஞ்சினில் அந்தத் துளையை உப்பு அடைத்திருந்ததால் தாளில் அதன் தடம் விழவில்லை. பெரியப்பா அந்த உப்பைச் சுரண்டியெடுத்து, வேறொரு கேஸ்கட் வெட்டிப் பூட்டினார். தண்ணீர்ப் பீப்பாயில் எஞ்சினை ஓடவிட்டதும் அதன் பக்கவாட்டுத் துவாரத்திலிருந்து நீர் கம்பியாகப் பாய்ந்தது.

"அப்ப வாங்க, போவம்" என்றார் அன்ரன்.

பெரியப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெரியம்மாவிடம் நீட்டினார். பெரியம்மா அதை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டு, "மோதிரத்தையும் தந்திட்டுப் போங்கோ" என்றார்.