என் மூக்கில் இருந்த கிருமியும் பெரியபட்டினப் பயணமும்

1959 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ராமநாதபுரத்திலிருந்து பெரியபட்டினம் போனேன். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. பிரசவமான வீடுகளுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்து வரும் நர்ஸ் வேலை. வேலையாய்ப் பலமுறை போன ஊர்தான். இந்தத் தடவை போனது ஒரு தப்பை ஒத்துக்கொள்ள.

அதற்கு முந்தின மாதம் அந்த ஊரில் பிறந்த நான்கு குழந்தைகளுக்குத் தொப்புளைச் சுற்றிச் சீழ்க் கொப்புளம் வந்தது. ஒன்றுக்குக் காய்ச்சல் ஏறி, பிழைக்குமா என்றாகிவிட்டது. நான்கு பிரசவமும் பார்த்தவர் ஊர் மருத்துவச்சி சைனம்பு லாத்தா; அந்த ஊர்ப் பேச்சில் லாத்தா என்றால் அக்கா. அவர் கை சுத்தமில்லை என்று வீடு வீடாகச் சொன்னது நான்தான். அதன்பின் அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் மூக்கைப் பஞ்சால் துடைத்துச் சோதனைக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு முறைக்காக என் மூக்கிலும் எடுத்தார். குழந்தைகளின் சீழில் இருந்த கிருமி லாத்தாவிடம் இல்லை. என்னிடம் இருந்தது. பிறந்த மூன்றாம் நாள் போய் அந்த நான்கு பிள்ளைகளின் தொப்புளுக்கும் மருந்து வைத்தவள் நான்.

காலை 6.40க்குக் கீழக்கரை பஸ். திருப்புல்லாணி வரை ஆறு மைல், முப்பது நயா பைசா. அங்கிருந்து ஐந்து மைலுக்கு மாட்டு வண்டி, ஒரு ரூபாய். மணல் பாதை, வழியெல்லாம் பனையும் உடைமரமும். யார் வீட்டில் பிரசவம் என்று வண்டிக்காரர் கேட்டார். யார் வீட்டிலும் இல்லை என்றேன். அதற்குமேல் கேட்காமல் அவர் மாட்டை அதட்டி ஓட்டினார். எனக்கும் அதுவே சௌகரியமாய் இருந்தது.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். லாத்தா வீட்டுக்கு வெளியே மீனைக் கருவாட்டுக்குக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார்.

"உங்க மூக்குல இருந்தா உங்களுக்கு ஏன் ஒண்ணும் செய்யல?"

டாக்டர் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். கிருமி இல்லாத உடம்பே கிடையாது. தோலில், வாயில், குடலில் எல்லாம் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை தொந்தரவு செய்வதில்லை; சில, கெட்டது வந்து ஒட்ட இடம் விடாமல் நமக்குக் காவலாகவும் இருக்கின்றன. இந்தக் கிருமியும் பலபேர் மூக்கில் சும்மா கிடக்கும். இடம் மாறினால்தான் வினை. வெயிலில் வந்து மூக்கைத் துடைத்த கையை நன்றாகக் கழுவாமல், ஆறாத தொப்புளைத் தொட்டிருக்கிறேன். பச்சைப்பிள்ளைக்குத் தோலும் மெல்லிசு, எதிர்க்கத் தெம்பும் கிடையாது.

அவர் கையில் ஒட்டியிருந்த மீன் செதிலைக் கழுவினார். பிறகு, "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அந்த நாலு வீட்லயும் சொல்லுங்க. நானும் கூட வாரேன்" என்றார்.

முதல் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டில் டீ கொடுத்தார்கள். அதைக் குடிக்கத்தான் கஷ்டமாய் இருந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் லாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டார். நான்காவது, காய்ச்சல் கண்ட பிள்ளையின் வீடு. பிள்ளை பிழைத்துவிட்டது, ஆனால் இளைத்துக் கிடந்தது. அதன் தாய் கடைசிவரை கேட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தெருவில் வரும்போது லாத்தா சொன்னார்: "அவ செஞ்சது சரிதான், நர்சம்மா."

அடுத்த மாதமே ஊரில் அவருக்கு மறுபடி அழைப்பு வந்தது. டாக்டர் எனக்கு மூக்குக்குக் களிம்பு கொடுத்து, மறுசோதனை முடியும்வரை குழந்தைகளைத் தொடவிடவில்லை.

இன்றைக்குப் பெரியபட்டினத்துக்குள்ளேயே பஸ் போகிறது. அங்கே என்றில்லை, எங்கே பச்சைப்பிள்ளை பார்க்கப் போனாலும் முதலில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சளியோ கையில் புண்ணோ இருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள். அந்தப் பயணத்துக்குப் பிறகும் பத்து வருஷம் நான் அந்த ஊருக்குப் போய்வந்தேன். எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கினேன். அந்த நான்காவது வீட்டில் மட்டும், யாரும் தடுக்காதபோதும், என் கை நீளவில்லை.